மகாராஜாவின் ஊஞ்சலைத் தள்ளியது யார்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. பெயரைச் சொன்னால் அது எங்கள் ஊர்தான் என்று இரண்டு ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். ஆகையால் பெயர் வேண்டாம். அந்த ராஜ்யத்தை ஆண்ட கனகசேகர மகாராஜாவுக்குச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தால் முதுகு வலித்தது. வைத்தியர் எண்ணெய் தடவச் சொன்னார். மகாராஜா ஊஞ்சல் கட்டச் சொன்னார். அரண்மனைத் தோட்டத்தில் குளத்தை ஒட்டி நின்ற நாவல் மரத்தின் பெரிய கிளையிலிருந்து இரண்டு தடித்த கயிறுகளைத் தொங்கவிட்டு, தேக்குப் பலகை பூட்டி, அதன் மேல் பட்டு விரித்தார்கள். மறுநாள் முதல் ராஜசபை அங்கேதான்.

ஊஞ்சலோடு ஒரு சட்டமும் வந்தது. மனு கொடுக்க வருகிறவர் எதிரே நிற்க வேண்டும். ஊஞ்சலை ஒரே ஒரு முறை தள்ளுவார்கள். அது ஆடி ஓய்கிறவரை பேசலாம். ஓய்ந்ததும் சேகண்டி அடிப்பார்கள். பாதி வார்த்தை வாயில் இருந்தாலும் விழுங்கிவிட்டுப் போக வேண்டியதுதான். மூன்று முறை வந்தும் பேசி முடிக்காதவரின் மனு குப்பைக்குப் போகும். எல்லாருக்கும் ஒரே அளவாக நீதி கிடைக்க வேண்டும் என்று மகாராஜா யோசித்துச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், தள்ளுகிற கை மனிதனுடையதாக இல்லாமல் இருந்திருந்தால்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் காளத்திராயர். ஊஞ்சல்நாயகம் என்று அவருக்குப் பட்டம் கட்டி, சரிகை உத்தரீயம் போர்த்தியிருந்தார்கள். முதல் நாள் மாலை அவர் வீட்டுக்கு ஒரு குடம் நெய் போயிருந்தால் மறுநாள் ஊஞ்சல் நாவல் இலையைத் தொடும். வெறுங்கையோடு வந்தவனைக் கண்டால் ராயருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். அந்த வருஷம் ராயர் வீட்டு அம்மாள் அடுப்பங்கரை விளக்கைக்கூட நெய்யில்தான் ஏற்றினாள் என்று பால்காரிகள் சொன்னார்கள். நெய் விஷயத்தில் பால்காரிகள் சொல்வதை நம்பலாம்.

ராயருக்கு அந்த சபையில் ஆகாத ஆள் ஒருவன் உண்டு. அரண்மனைக் கோணங்கி சாத்தப்பன். மகாராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். யாருடைய செலவில் சிரிக்க வைப்பது என்று யாரும் வரையறுத்துச் சொல்லவில்லை. அவன் பெரும்பாலும் ராயர் செலவில் செய்தான்.

ஒரு நாள் ஊஞ்சல் வேகத்தில் மகாராஜாவின் தலைப்பாகை கழன்று பறந்து குளத்தின் நடுவில் போய் விழுந்தது. தக்கை போன்ற நெட்டியால் செய்த கூட்டின் மேல் சுற்றிய தலைப்பாகை, மூழ்காமல் மிதந்தது. ஊஞ்சல் ஓய்வதற்குள் இறங்கக் கூடாது என்ற தம்முடைய சட்டத்துக்குக் கட்டுப்பட்டு மகாராஜா ஆடிக்கொண்டே பார்த்தார்.

ராயர் முந்திக்கொண்டார். "அரசே, தங்கள் தலைப்பாகையை அற்பர்கள் கை தீண்டலாகாது. அதற்கு அப்பால் கல் எறியச் சொல்கிறேன். கரைக்கு வருகிற அலை தலைப்பாகையையும் சுமந்துகொண்டு வந்துவிடும்."

இருபது வீரர்கள் கல் எறிந்தார்கள். அலை வட்டம் வட்டமாகக் கிளம்பிக் கரைக்கு வந்து படியை நக்கியது. தலைப்பாகை ஒவ்வோர் அலைக்கும் மேலே எழுந்தது, கீழே இறங்கியது, இருந்த இடத்திலேயே இருந்தது. ராயர் பெரிய கல்லாக எறியச் சொன்னார். அது பெரிதாக எழுந்து பெரிதாக இறங்கியது. கரைக்கு வரும் உத்தேசம் அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை.

சாத்தப்பன் கடைசிப் படியில் துண்டை விரித்துக் கைகூப்பி நின்றான்.

"என்ன செய்கிறாய்?" என்றார் மகாராஜா.

"விருந்தாளிகளை வரவேற்கிறேன் அரசே. ராயர் அலைகளைக் கூப்பிட்டார், தவறாமல் வருகின்றன. தலைப்பாகையைத்தான் அவர் கூப்பிடவில்லை."

"அலை வருகிறது, அதன் மேலே இருப்பது ஏன் வரவில்லை?"

"அலைதான் வருகிறது அரசே, தண்ணீர் வரவில்லை. அது நின்ற இடத்தில் எழும்பி, பக்கத்துத் தண்ணீரை எழுப்பிவிட்டு உட்கார்ந்துவிடுகிறது. வதந்தியைப் போலத்தான். வடக்கு வாசலில் கிளம்பிய வதந்தி கால் நாழிகையில் தெற்கு வாசலுக்கு வந்துவிடுகிறது. அதற்காக வடக்கு வாசல் காவல்காரன் தெற்கே ஓடி வருகிறானா? நின்ற இடத்திலிருந்து பக்கத்துக் காதில் போட்டதோடு அவன் வேலை முடிந்தது."

சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினான். இடுப்பளவுத் தண்ணீர். கை படாமல் வாழை இலையில் தலைப்பாகையை ஏந்தி வந்து நீட்டினான். மகாராஜா சிரித்தார் என்றால் அப்படி ஒரு சிரிப்பு. அவருடைய சிரிப்புக்கு ஒரு லட்சணம் உண்டு. முதலில் தலையும் மார்பும் பின்னால் சாயும், இரண்டு காலும் முன்னால் நீளும். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிவார், காலும் மடங்கும்.

சபை முழுவதும் மகாராஜாவின் முகத்தைப் பார்த்துச் சேர்ந்து சிரித்தது. ஈர வேட்டியோடு நின்ற சாத்தப்பன் மட்டும் ஊஞ்சலைப் பார்த்தான். எப்போதோ ஓய்ந்திருக்க வேண்டிய ஊஞ்சல், யாரும் தொடாமலே, முன்னைவிட உயரமாக ஆடிக்கொண்டிருந்தது.

ராயர் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லையாம். இதுவும் பால்காரிகள் சொன்னதுதான்.

சாத்தப்பனுக்கு வீட்டில் வேறு கவலை. நாற்பது நாளுக்கு முன் அவன் மாமியார் குமராயி ஓர் ஆடு, இரண்டு கோழி, ஒரு துணிமூட்டை சகிதம் வந்து இறங்கியிருந்தாள். மகளைப் பார்க்க வந்தவள் அல்ல, மனு கொடுக்க வந்தவள். அவளுடைய கீழைவாய் கிராமத்துக்குத் தண்ணீர் போகிற வாய்க்காலின் தலைப்பில் ராயரின் மைத்துனன் ஒரு பாறைப் பலகையைப் போட்டு அடைத்து, அவ்வளவு தண்ணீரையும் தன் கரும்புக்குத் திருப்பிக்கொண்டான். கீழே நாற்றங்கால் காய்ந்தது.

இதைச் சொல்ல நாலு வாக்கியம் போதும். ஆனால் கீழைவாய்க்காரர்கள் பெரிய மனிதர்களிடம் பேசினால் அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் எதிரே இருப்பவரை வாழ்த்த வேண்டும். பிறகு ஊரைக் காக்கும் ஏழு சாமிகளின் பெயரையும், ஒவ்வொரு சாமியும் என்னென்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் விஷயம். முதல் தடவை ராயரின் தோள்பட்டை பிடித்துக்கொண்டதில் மூன்றாவது சாமியோடு சேகண்டி அடித்துவிட்டது. இரண்டாம் தடவை ஐந்தாவது சாமி. மிச்சம் இருந்தது ஒரே தடவை.

சாத்தப்பன் கெஞ்சிப் பார்த்தான். "அத்தை, அந்த ஏழு சாமியைக் கொஞ்சம் சுருக்கக் கூடாதா? மூணோட நிறுத்திக்கலாமே."

"நாலாவது சாமிகிட்ட நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா, மாப்பிள்ளை?"

"வாய்க்கால்தானே முக்கியம்?"

"முக்கியம்னுதான் ஏழு பேரையும் கூப்பிடறேன். பின்னே உங்களை நம்பியா கூப்பிடாம இருக்கறது? நாப்பது நாளா உங்க உத்தியோகத்தைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்." குமராயி சற்று நேரம் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டாள். குரல் இறங்கிவிட்டது. "நாத்து மஞ்சளாயிருச்சு. இன்னும் பத்து நாள் போனா எங்க நிலத்துல ஒண்ணும் இருக்காது. அப்புறம் அங்க உக்காந்து என்ன பண்றது? எங்க பங்காளிங்க ஏழு குடும்பமும் மாப்பிள்ளை வீட்டுக்கே போயிரலாம்னு சொல்லுது."

சாத்தப்பனுக்கு இருந்தது இரண்டு அறை. அதில் ஒன்றில் ஆடு இருந்தது.

மறுநாள் சபையில் குமராயியின் பெயரைக் கூப்பிட்டதும் ராயர் தோளைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார். "அரசே, இன்று வலி அதிகம். விரலால்தான் தள்ள முடியும் போலிருக்கிறது."

"ராயர் விரலுக்கும் ஓய்வு கொடுக்கட்டும் அரசே. அவர் கை இல்லாமலே ஊஞ்சல் ஆடும்" என்றான் சாத்தப்பன்.

ராயரின் முகத்தில் நெய் விளக்கு ஏற்றியதுபோல் ஆகிவிட்டது. "கேட்டீர்களா அரசே? கை இல்லாமல் ஆடுமாம். ஆட்டிக் காட்டட்டும். நான் ஒரு விரலால் அசைத்துவிட்டு விலகிக்கொள்கிறேன். அதன் பிறகு ஒருவர் கையும் ஊஞ்சலையோ, கயிற்றையோ, மரத்தையோ தொடக் கூடாது. விசிறிக் காற்று கூடாது. தங்கள் பாதமும் தரையில் படக் கூடாது. இவன் மாமியார் பேசி முடிக்கும்வரை ஊஞ்சல் ஓயாமல் இருந்தால் என் உத்தரீயம் இவனுக்கு."

வேறு எந்த ராஜாவாக இருந்தாலும் இது நடக்காத காரியம் என்று சொல்லியிருப்பார். நடக்காத காரியம் என்பதாலேயே கனகசேகர மகாராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது. "அப்படியே ஆகட்டும். ஆடாவிட்டால் மனு தள்ளுபடி. வாய்க்கால் இருக்கிறபடி இருக்கும்" என்று உத்தரவிட்டார்.

"தள்ளுபடி" என்ற சொல் காதில் விழுந்ததும் குமராயி மருமகனைப் பார்த்த பார்வையை அரண்மனைச் சமையல்காரன்கூட ஜன்னல் வழியே பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

"ஒரு விண்ணப்பம் அரசே" என்றான் சாத்தப்பன். "கீழைவாய்ப் பேச்சில் சில இடம் தங்களுக்குப் புரியாது. பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல அனுமதி வேண்டும். கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பேன்."

அனுமதி கிடைத்தது. ராயர் ஒற்றை விரலால் பலகையைத் தொட்டார். ஊஞ்சல் ஒரு சாண் முன்னே போய் ஒரு சாண் பின்னே வந்தது. சேகண்டிக்காரன் கோலைக் கையில் எடுத்துக்கொண்டான்.

குமராயி தொடங்கினாள். "மகாராஜா நல்லாயிருக்கணும். மகாராணி நல்லாயிருக்கணும். பட்டத்து யானை நல்லாயிருக்கணும். அதுக்குக் கவளம் உருட்டிப் போடறவன் நல்லாயிருக்கணும்."

சாத்தப்பன் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் போகிற ஊஞ்சல் திரும்புவதற்கு முன் கண் இமைக்கிற நேரம் நிற்கும். அந்த இமைப்புக்காகக் காத்திருந்து சொன்னான்: "கவளம் உருட்டுகிறவன்வரை வந்துவிட்டாள் அரசே. ஊஞ்சல் தள்ளுகிறவரை மட்டும் காணோம்."

மகாராஜா சிரித்தார். ஊஞ்சல் முன்னே கிளம்பும்போது உடம்பு பின்னே சாய்ந்தது, கால் முன்னே நீண்டது. முன்னே போய் முடிந்து திரும்புகையில் சிரிப்பும் குனிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினார். ஒரு சாண் ஒன்றேகால் சாண் ஆயிற்று.

"எல்லையில நிக்கற வேட்டைக்கார சாமி. கண்ணு மூடாத சாமி. ஒருநாளும் தூங்குனதில்ல" என்றாள் குமராயி.

ஊஞ்சல் பின்னே போய் நின்றது. "என் மாமியார் வீடு கோயிலுக்கு அடுத்த வீடு அரசே. எப்படித் தூங்கும்?"

"ரெண்டாவது, குளத்தங்கரை அம்மன். நெதம் தண்ணியில குளிச்சிட்டுத்தான் பீடத்துல உக்காரும்."

"இப்போது குளிப்பதற்கு ராயரின் மைத்துனர் கரும்புத் தோட்டத்துக்குப் போய் வரிசையில் நிற்கிறதாம்."

மூன்றாவது சாமிக்கு ஊஞ்சல் ஒரு முழம் ஆடியது. நான்காவதற்கு ஆள் உயரம். சிறிதாக ஆடினாலும் பெரிதாக ஆடினாலும் ஓர் ஆட்டத்துக்குப் பிடித்த நேரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கயிற்றின் நீளம் அதேதானே. அதனால் சாத்தப்பன் ஒரே தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு விளக்கத்தையும் அதே இடத்தில் வைத்தான். பெரிய சிரிப்பு வேண்டியிருக்கவில்லை. சின்னச் சின்னச் சிரிப்பு, சரியான நேரத்துக்கு வந்தால் போதும். ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டது.

ராயருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிளையில் யாராவது ஒளிந்திருந்து கயிற்றை இழுக்கிறார்களோ என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே மரத்தைச் சுற்றி வந்தார். அண்ணாந்து நடக்கிறவருக்கு நாவல் மரத்து வேர் தெரியுமா? தடுக்கி, உதிர்ந்து கிடந்த பழங்களின் மேல் சரிகை உத்தரீயத்தோடு உட்கார்ந்தார். எழுந்தபோது பின்பக்கம் முழுவதும் ஊதா நிறம்.

மகாராஜா வெடித்துச் சிரித்தார். கெட்டது காரியம். ஊஞ்சல் அப்போதுதான் பின்னே போய்க்கொண்டிருந்தது. பின்னே போகிற ஊஞ்சலில் பின்னே சாய்ந்தார். முன்னே வருகையில் குனிந்தார். எல்லாம் தலைகீழ். உத்தரீயத்தை ராயர் திருப்பிப் பார்த்தார். மகாராஜா மறுபடியும் அதே தப்பான நேரத்தில் சிரித்தார். இவ்வளவு நேரம் ஏறியதெல்லாம் நாலே ஆட்டத்தில் இறங்கி, ஊஞ்சல் ஒரு முழத்துக்கு வந்துவிட்டது. ஐந்தாவது சாமி பாதியில் நின்றது.

அரசரைச் சிரிக்க வேண்டாம் என்று காலில் விழுந்து கேட்கலாமா என்று ஒரு கோணங்கி யோசிக்கும்படி ஆகிவிட்டது பாருங்கள்.

ராயர் மூடர் அல்லர். தாம் விழுந்தால் ஊஞ்சல் ஓய்கிறது என்பதைக் கவனித்துவிட்டார். ஏன் என்று தெரியாது. தெரிந்துகொள்ள அவசியம் இருப்பதாகவும் நினைக்கவில்லை. உத்தரீயத்தைச் சரிசெய்துகொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இரண்டாம் முறை தாமாகவே வேரில் தடுக்கப் போனார்.

சாத்தப்பன் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயோ, ராயரே, பார்த்து." ஊஞ்சலைத்தான் தொடக் கூடாது, ராயரைத் தொடலாம்.

"விடு" என்றார் ராயர்.

"விடுகிறேன், ஒரு நொடி பொறுங்கள்." ஊஞ்சல் பின்னே போனது, இமைப்பொழுது நின்றது. விட்டான். ராயர் பழத்தின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். மகாராஜா சரியான நேரத்தில் சிரித்தார்.

ஒரு முழம் ஒன்றரை ஆயிற்று. விழுந்த பிறகும் ஊஞ்சல் ஏறுகிறதே என்று ராயர் திகைத்தார். சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று முடிவு செய்து, எழுந்து, இன்னும் பலமாக விழ ஆயத்தமானார். சாத்தப்பன் மரியாதையாக எழுப்பிவிட்டான், பிடித்துக்கொண்டான், நேரம் பார்த்து விட்டான். இப்படி ஆறு முறை. விழ விழ ஊஞ்சல் ஏறியது. ஏற ஏற ராயர் விழுந்தார்.

குமராயி ஐந்தாவது சாமியை முடித்து ஆறாவதற்கு வந்திருந்தாள். "அந்த ஐயாவை யாராச்சும் உக்கார வைங்களேன். சாமி பேரைச் சொல்லும்போது உருண்டுக்கிட்டே இருக்காரு."

அந்தச் சொல்லுக்கு மகாராஜா சிரித்த சிரிப்பில் ஊஞ்சல் நாவல் இலையைத் தொட்டுவிட்டு வந்தது.

ஏழாவது சாமியும் முடிந்தது. அப்புறம் குமராயி விஷயத்துக்கு வந்தாள். பாறைப் பலகையைப் பற்றிச் சொன்னாள். எடுக்கச் சொல்லிக் கேட்கப் போன இரண்டு பேரை மைத்துனனின் ஆட்கள் கட்டிவைத்து அடித்ததைச் சொன்னாள். மஞ்சளாகிப்போன நாற்றை மடியிலிருந்து எடுத்துக் காட்டினாள். இங்கே சாத்தப்பன் வாயைத் திறக்கவில்லை. இதில் சிரிப்பு வைக்க இடம் இல்லை. மகாராஜாவும் அசையாமல் உட்கார்ந்து கேட்டார். சிரித்துச் சேர்த்து வைத்த உயரத்திலிருந்து ஊஞ்சல் தானே செலவழித்துக்கொண்டு இறங்கியது. ஆள் உயரம், முழம், சாண். சேகண்டிக்காரன் கோலை ஓங்கினான்.

"அவ்வளவுதான் மகாராஜா. தண்ணியை விடச் சொல்லுங்க" என்றாள் குமராயி. ஊஞ்சல் நாலு விரற்கடை ஆடிக்கொண்டிருந்தது.

ராயர் ஊதா நிறத்தோடு கூவினார். "மந்திரம் அரசே. இது மந்திரம். தள்ளாமல் ஊஞ்சல் ஆடுமா?"

"ஆடாது" என்றான் சாத்தப்பன். "ராயர் சொல்வது சரிதான் அரசே. ஆடுகிற ஊஞ்சலிடமிருந்து காற்று கொஞ்சம் பிடுங்கிக்கொள்கிறது. கிளையில் கயிறு உரசுகிற இடம் கொஞ்சம் பிடுங்கிக்கொள்கிறது. தொட்டுப் பார்த்தால் சுடும். பிடுங்குகிறதைவிட அதிகமாக யாராவது கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் ஓயாது. இன்று கொடுத்தது தாங்கள்தான்."

"நான் எங்கே தள்ளினேன்?"

"காலையில் எத்தனை ஆப்பம் சாப்பிட்டீர்கள் அரசே?"

மகாராஜா கூச்சப்பட்டார். "பன்னிரண்டு."

"அந்தப் பன்னிரண்டு ஆப்பமும் வயிற்றில் பலமாயிற்று. பலம் சிரிப்பாயிற்று. சிரிப்பு தங்களைச் சாய்த்துக் குனிய வைத்தது. அது ஊஞ்சலுக்குப் போயிற்று. வேளை தவறிச் சிரித்தால் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். அதனால் வேளை பார்ப்பது மட்டும் என் வேலை. கைகளைத்தான் தடுத்தீர்கள் அரசே, வயிற்றைத் தடுக்கவில்லை."

மகாராஜா ஓய்ந்துபோன ஊஞ்சலில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் அது மறுபடியும் ஆடத் தொடங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் பாறைப் பலகையை மைத்துனனே தோளில் தூக்கி அப்புறப்படுத்த வேண்டும் என்று உத்தரவானது. ராயரின் பட்டம் அங்கேயே பறிபோனது. உத்தரீயத்தைச் சாத்தப்பனிடம் நீட்டினார்கள். துவைத்துக் கொடுக்கும்படி அவன் கேட்டுக்கொண்டான். மனதுக்குள் அவன் ஆட்டை அவிழ்த்து, கோழியைக் கூடையில் போட்டு, மாமியாரைக் கீழைவாய் வண்டியில் ஏற்றியாகிவிட்டது.

"உத்தரீயம் ராயர் கொடுத்தது. நான் என் பங்குக்கு ஏதாவது கொடுக்க வேண்டாமா?" என்றார் மகாராஜா. குமராயியைப் பார்த்தார். "அம்மா, நாற்றங்காலைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஆள் இருக்கிறதா?"

"பங்காளிங்க இருக்காங்க மகாராஜா. தண்ணி வந்தாப் போதும், அவங்க பாத்துக்குவாங்க."

"அப்படியானால் இன்று முதல் நீங்கள்தான் ஊஞ்சல்நாயகி. சபை கூடும் நாளெல்லாம் என் எதிரே நின்று ஏழு சாமியையும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் மனுவை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்கிறேன். மகளும் மருமகனும் இருக்கிற ஊரில் தனி வீடு எதற்கு? சாத்தப்பா, ஆயுள் முழுவதும் உன் வீட்டிலேயே வைத்துக்கொள். இதுதான் உனக்கு என் பரிசு."

"மாப்பிள்ளை வேண்டாம்னா சொல்லப் போறாரு" என்றாள் குமராயி. "ரசத்துல உப்பை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லணும்."

மகாராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சபை சிரித்தது, சேகண்டிக்காரன் சிரித்தான், ஜன்னலில் சமையல்காரன் சிரித்தான். அந்தத் தோட்டத்தில் அன்று சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் உத்தியோகம் போனவர். இன்னொருவன் பரிசு வாங்கியவன்.